ஃபிரண்டிங் சேவை: கட்டணத்தைப் பார்க்காதீர்கள், பிணையைப் பாருங்கள்

எங்கள் குழுமத்துக்குச் சரக்கு லாரிகளும் கிடங்குகளும் உண்டு. அவற்றின் ஆபத்தை நாங்களே சுமக்கச் சொந்தமாக ஒரு காப்பீட்டு நிறுவனமும் வைத்திருக்கிறோம். தொழிலில் இதற்குப் பெயர் கேப்டிவ். அதன் கணக்கும் கிளெய்ம்களும் என் பொறுப்பு. கேப்டிவிடம் பணம் இருக்கிறது. ஆனால் லாரிகள் ஓடும் எல்லா இடத்துக்கும் அதற்கு உரிமம் கிடையாது, ரேட்டிங்கும் (கிளெய்ம் கொடுக்கும் பண பலத்துக்கான தரமதிப்பீடு) கிடையாது. மூன்றாம் நபர் வாகனக் காப்பீடு மாதிரி சட்டம் கட்டாயமாக்கியதை உரிமம் உள்ள நிறுவனம்தான் தர முடியும். கடன் கொடுத்த வங்கியும் சரக்கை ஒப்படைக்கிறவர்களும் கேட்பது நல்ல ரேட்டிங் உள்ள நிறுவனத்தின் சான்றிதழை. அதனால் ஒரு ஃபிரண்டிங் நிறுவனத்தை, அதாவது எங்களுக்காகத் தன் பெயரில் பாலிசி எழுதித் தரும் காப்பீட்டு நிறுவனத்தைப் பிடித்தோம். அவர்கள் சேவை எப்படி என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

ஏற்பாடு எளிமையானது. பாலிசி அவர்கள் பெயரில் வரும். பிரீமியத்தை வாங்கிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, ஆபத்தையும் மீதிப் பணத்தையும் மறுகாப்பீட்டு ஒப்பந்தம் (காப்பீட்டு நிறுவனம் தன் ஆபத்தை இன்னொரு காப்பீட்டாளரிடம் மாற்றுவது) மூலம் எங்கள் கேப்டிவுக்கே தள்ளிவிடுவார்கள். கிளெய்ம் வந்தால் கடைசியில் எங்கள் பணம்தான் போகும். இந்தத் தொழிலில் கட்டணம் பெரும்பாலும் பிரீமியத்தில் 5 முதல் 10 சதவீதம். வரி தனி.

"பெயரைக் கொடுப்பதற்கு இவ்வளவா?" என்று எங்கள் இயக்குநர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டணத்தில் வருத்தமே இல்லை. விபத்தில் அடிபட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியது பாலிசியில் பெயர் உள்ளவர்தான். நாளை எங்கள் கேப்டிவ் கவிழ்ந்தால், "மறுகாப்பீட்டாளர் பணம் தரவில்லை" என்று அவர்கள் கையை விரிக்க முடியாது. முழுத் தொகையையும் தங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

சான்றிதழ் வேலையில் குறையே சொல்ல முடியாது. காலையில் கேட்டால் மாலைக்குள் வந்துவிடும், சரக்கை ஒப்படைக்கிறவர் கேட்ட வாசகத்தோடு. கிளெய்ம்களை வெளி நிர்வாகி ஒருவர் பார்க்கிறார். சின்ன கிளெய்ம்களை அவரும் நாங்களும் பேசி முடித்துவிடுவோம். ஒரு வரம்பைத் தாண்டினால் ஃபிரண்டிங் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கே கொஞ்சம் இழுக்கும், ஆனால் வழக்கு அவர்கள் பெயரில் நடக்கும்போது அந்தக் கட்டுப்பாட்டை விடச் சொல்வது நியாயமில்லை.

சரி, பிணைக்கு வருவோம். கேப்டிவ் பணம் தராமல் போகும் ஆபத்துக்கு ஈடாக அவர்கள் பிணை கேட்பார்கள்: வங்கியின் லெட்டர் ஆஃப் கிரெடிட் (கேட்டால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்), அவர்களுக்குப் பிணையாக டிரஸ்ட் கணக்கில் போட்ட பணம், அல்லது பிரீமியத்திலேயே பிடித்து வைக்கும் தொகை. இன்னும் ஓடாத காலத்துக்கான பிரீமியம், வந்த கிளெய்ம்களுக்கான ஒதுக்கீடு, நடந்துவிட்டது ஆனால் இன்னும் தகவல் வராத கிளெய்ம்களுக்கான கணிப்பு, மூன்றையும் அது மூட வேண்டும். மூன்றாவதில்தான் சண்டை. எங்கள் ஆக்சுவரி (வரப்போகும் கிளெய்ம்களைக் கணிக்கும் நிபுணர்) ஒரு தொகை சொல்வார். அவர்களுடைய ஆக்சுவரி அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளி வைப்பார். எப்போதும் மேலேதான், கீழே வந்து நான் பார்த்ததில்லை.

உடல்காய வழக்குகள் பல வருடம் இழுக்கும். அதனால் பழைய வருடத்தின் பிணை விடுபடுவதற்குள் புது வருடத்தின் பிணை அதன் மேல் ஏறுகிறது. லெட்டர் ஆஃப் கிரெடிட்டுக்கு வங்கிக்கு வருடாவருடம் கட்டணம் வேறு; எங்கள் கடன் வரம்பும் அதில் முடங்கிக் கிடக்கிறது. பழைய வருடம் ஒன்றில் எல்லா கிளெய்மும் முடிந்த பிறகும் பிணையைக் குறைக்க இந்த நிறுவனம் காட்டிய தாமதம் எரிச்சலூட்டியது. அதிகப் பிணை கேட்கும் மின்னஞ்சல் மட்டும் உடனே வரும்.

அவர்களுடைய பயம் புரியாமல் இல்லை. 2023இல் வெஸ்டூ என்ற இஸ்ரேலிய நிறுவனம் ஏற்பாடு செய்த மறுகாப்பீடுகளுக்குப் பிணையாக இருந்த லெட்டர் ஆஃப் கிரெடிட்களில் பல போலி என்று தெரிந்தது. சைனா கன்ஸ்ட்ரக்ஷன் பேங்க் பெயரைப் போட்டுத் தயாரித்தவை. ஆகஸ்டில் வெஸ்டூ அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. அந்தக் காகிதத்தை நம்பி பாலிசி எழுதிய ஃபிரண்டிங் நிறுவனங்கள் மாற்றுப் பிணைக்கு அலைந்தன. கடிதத்தின் உண்மையை வழங்கிய வங்கியிடமே நேரடியாகச் சரிபார்ப்பது இப்போது கறாராகிவிட்டது. எங்கள் வங்கி அதிகாரி அலுத்துக்கொள்வார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, பணத்தை விடுவிக்கும்போதும் அதே சுறுசுறுப்பு இருந்தால் போதும்.

இப்போது ஆபத்தில் ஒரு பங்கைத் தாங்களே வைத்துக்கொள்ளும் ஃபிரண்டிங் நிறுவனங்களும் உண்டு. அவர்களுடைய பணமும் உள்ளே இருப்பதால் லாரி ஓட்டுநர் பயிற்சி முதல் கிளெய்ம் ஒதுக்கீடு வரை எல்லாவற்றையும் உண்மையாகவே பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் லாபத்தில் ஒரு பகுதி அவர்களுக்குப் போகும். எங்கள் ஃபிரண்டிங் நிறுவனம் ஒரு காசு ஆபத்தும் வைத்துக்கொள்வதில்லை, அதனால் விபத்தைக் குறைப்பது பற்றி இதுவரை ஒரு யோசனையும் சொன்னதில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைத்தது முழுக்கப் பிணைக்காக. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம், ஆனால் இந்த முறை இரண்டு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறோம்: பிணைத்தொகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுகணக்கிட வேண்டும், ஆக்சுவரிகள் ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் பொதுவான மூன்றாவது ஆக்சுவரி சொல்வதே முடிவு. முதலாவதுக்குச் சரி என்றுவிட்டார்கள். இரண்டாவது அவர்களுடைய வழக்கறிஞர் மேஜையில் இருக்கிறது.