2 டிபி என்று விற்றார்கள், உள்ளே இருந்தது 64 ஜிபி

தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 1,800 ரூபாய் கொடுத்து '2 டிபி எஸ்எஸ்டி' வாங்கினேன் (கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிரைவ், 2 டிபி என்றால் சுமார் 2,000 ஜிபி). அப்பா நாயனம் பதிந்து வைத்த 210 கேசட்டை அதில் ஏற்றியதில் கிட்டத்தட்ட 150 போய்விட்டது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு ஆன்லைனிலும் கிடைக்கிறது என்பதால், பெயரைவிட நடந்த விவரம்தான் உங்களுக்கு உதவும்.

அப்பா மன்னார்குடிக்காரர். ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழாவின் 18 நாளும் தோளில் டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு நாயனக்காரர்கள் பின்னாலேயே நடப்பார். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கினால் பட்டனை அழுத்திவிடுவார். 45 நிமிடத்தில் ஒரு பக்கம் தீர்ந்துவிடும். தவில் உச்சத்தில் இருக்கும்போது டக்கென்று நிற்கும். மறுபக்கம் போட்டதும் முதலில் கேட்பது அவருடைய இருமல். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிரித்துப் போட்டதில் கேசட் பெட்டி நனைந்தது. காயவைத்து, பூஞ்சை துடைத்து, ஒவ்வொன்றாக டெக்கில் ஓடவிட்டு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றி முடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ஒலி கெடக்கூடாது என்று சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்தேன். 90 நிமிடக் கேசட்டுக்கு 950 எம்பி வரும். ஏற்றி முடித்ததும் பிசுபிசுத்துப்போன நாடாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அது 'ஈ' டிரைவ், மடிக்கணினியில் 'டி' டிரைவ். பாட்டு மென்பொருள் பாட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் பாதையைத்தான் குறித்து வைத்துக்கொள்கிறது. அதனால் கணினி மாற்றினால் பட்டியல் முழுக்க ஆச்சரியக்குறி. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் டிரைவ் எழுத்தை மாற்றியிருந்தால் இரண்டு நிமிட வேலை. எனக்கு அது தெரியவில்லை. டிஸ்கில்தான் கோளாறு என்று நினைத்துக் கடைக்குப் போனேன்.

"பழசாயிடுச்சுண்ணே, எப்ப வேணும்னாலும் போயிடும். புதுசுல ஏத்தித் தரேன், இத எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிறேன்" என்றார் கடைத் தம்பி. பழசுக்கு 400 ரூபாய் கழித்துக்கொண்டார். சாயங்காலம் போனபோது எல்லாப் பெயரும் வரிசையாகத் தெரிந்தது. கொள்ளளவு 1.81 டிபி என்று காட்டியது, 2 டிபி என்றால் விண்டோஸில் அப்படித்தான் காட்டும். முதல் ஃபோல்டரை ஸ்பீக்கரில் போட்டும் காட்டினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா, திருவிழாவில் வெண்ணெய்த்தாழி உற்சவத்தன்று எடுத்த கேசட்டைப் போடச் சொன்னார். திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அறுபத்து மூன்றாவது கேசட் பாதி வரை பாடியது, அதற்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் எல்லாமே வெறும் பெயர்.

டப்பாவைப் பிரித்தேன். ஒரு சின்னப் பலகையில் பசை வைத்து ஒட்டிய 64 ஜிபி மெமரி கார்டு, கனம் தெரிவதற்கு ஓர் இரும்புத் துண்டு. அந்தப் பலகையில் இருக்கும் நிரல் கணினியிடம் '2 டிபி' என்று பொய் சொல்லும். கார்டு நிறைந்த பிறகு நாம் அனுப்புவதை வாங்கிக்கொள்வது போல நடித்துவிட்டுக் கொட்டிவிடும். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் டிரைவின் தொடக்கப் பகுதியிலேயே எழுதப்பட்டுவிடுவதால் பெயரும் அளவும் மட்டும் ஒழுங்காகத் தெரியும். சில போலிகள் இன்னும் மோசம், பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும்.

கடைக்கு ஓடினேன். பழைய டிஸ்கை அன்றைக்கே ஃபார்மட் போட்டு, படங்கள் நிரப்பி விற்றுவிட்டாராம். ஃபார்மட் மட்டும் என்றால் மீட்க வழி உண்டு, மேலே எழுதிவிட்டால் முடிந்தது. "எங்களுக்கே அப்படித்தாண்ணே வந்துச்சு" என்றார். நம்புகிறேனா என்றால், பாதி.

வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை ஓட்டிப் பாருங்கள். டிரைவ் முழுக்கத் தரவை நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. பாட்டு ஏற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டும், ஒரு ராத்திரி பிடித்தாலும் பரவாயில்லை. கடைக்காரர் போட்டுக் காட்டினால் கடைசி ஃபோல்டரைப் போடச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு எதையும் கொடுக்காதீர்கள். பழைய டிஸ்க் மேசை இழுப்பில் கிடந்தால் சோறா கேட்கப்போகிறது?

பில் இருந்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வரலாம். மடிக்கணினியில் எப்போதோ காரில் கேட்க எம்பி3 ஆக்கி வைத்திருந்த பதினோரு கேசட் கிடைத்தது, அதில் இரண்டு மட்டும்தான் தொலைந்த வரிசையில் உள்ளவை.

மன்னார்குடி பங்குனித் திருவிழாவை 1990களில் டேப்பில் பிடித்து வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். டெக் என்னிடம் இருக்கிறது, நானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கேசட்டை உங்கள் கண் முன்னாலேயே ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.