மாத உதவித்தொகையா, வீடு தேடி வரும் சிகிச்சையா?

படுக்கையில் இருப்பவரைக் கூலியின்றிப் பராமரிக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பெண்களுக்கு அரசுவழி ஆதரவாக முக்கியமாக இரண்டைச் சொல்லலாம்: கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட, வீடு தேடி வந்து சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்.

உதவித்தொகையைக் குடும்பம் தன் தேவைக்கேற்பச் செலவிடலாம். ஆனால் அது நோயாளியின் பெயரில் வருவது. நூறு நாள் வேலையையும் களையெடுப்பையும் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் மருமகளின் இழந்த கூலிக்கு அது ஈடாகாது. ஊனச் சான்று பெறவும் அலைய வேண்டும்.

வீட்டுச் சிகிச்சைக்கு அந்தச் சான்று தேவையில்லை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைப் பயிற்சியும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைப்பதால், அஞ்செட்டி மலைக்கிராமங்களில் உள்ளவருக்கு ஒரு நாள் கூலியும் வண்டி வாடகையும் மிஞ்சும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குதிகாலிலும் இடுப்பெலும்பின் மேலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது போன்றவற்றைச் செவிலியரிடம் கேட்டுப் பழகிக்கொண்டால் படுக்கைப்புண் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இருப்பினும் இரவுப் பொழுது முழுவதும் அந்த மருமகளின் பொறுப்புதான்.

பக்கவாதத்தில் விழுந்தவர் வீட்டில் இருந்தால், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டுச் சிகிச்சைக்குப் பதிவு செய்வதே நல்லது என்பது என் கருத்து. உதவித்தொகை விண்ணப்பத்தை அதன்பின் தொடரலாம். பராமரிப்பவருக்கான படித்தொகையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு எழுதும்போது அந்தப் பிரிவைத் தவறாமல் சுட்டிக்காட்டுங்கள்.