ஐபிஆருக்குத் தயாராக: ஆவணச் சரிபார்ப்பா, ஒத்திகை நேர்காணலா?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘எர்ன்ட் வேல்யூ’ (முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்ட காலம், செலவோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தை அளக்கும் முறை) விதிக்கு உட்பட்ட ஒப்பந்தங்களில், ஒப்பந்தம் கிடைத்த 180 நாட்களுக்குள் ஐபிஆர் (Integrated Baseline Review) எனும் அடிப்படைத் திட்ட ஆய்வு நடந்தாக வேண்டும்.

ஆவணச் சரிபார்ப்பு: வேலைப் பிரிப்பு, கால அட்டவணை, பட்ஜெட் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. தவிர்க்கவே முடியாது, ஆனால் பெரும்பகுதியைத் திட்ட அலுவலகமே முடித்துவிடலாம்.

ஒத்திகை நேர்காணல்: ஆய்வுக் குழு நேரில் கேள்வி கேட்பது முக்கியமாகக் கன்ட்ரோல் அக்கவுன்ட் மேனேஜர்களைத்தான்; அதாவது, ‘கணக்கு’ எனப்படும் ஒவ்வொரு வேலைப் பகுதிக்கும் அதன் பட்ஜெட்டுக்கும் பொறுப்பானவர்களை. ‘இத்தனை மணிநேரம் என்று எதை வைத்துப் போட்டீர்கள்? சப்ளையர் தாமதித்தால் எந்த மைல்கல் தள்ளிப்போகும்? அந்த ரிஸ்க் எங்கே பதிவாகியிருக்கிறது?’ அவரவர் கணக்குக்கு அவரவரே பதில் சொல்ல வேண்டும். அழகான அட்டவணை கைகொடுக்காது. நேரம் குறைவென்றால் என் தேர்வு ஒத்திகைதான், அதுவும் ரிஸ்க் மிகுந்த கணக்குகளிலிருந்து தொடங்கி. பதில் தடுமாறும் இடத்தில்தான் பட்ஜெட்டின் ஓட்டையும் பெரும்பாலும் தெரியவரும்.