ஃபோம் கேம்பருக்கு ஃபைபர்கிளாஸ்: கராஜில் கட்டி, சில வருடம் ஓட்டிய பிறகு

அமெரிக்காவின் மிஷிகனில் இருக்கிறேன். மரவேலையும் தெரியாது, படகு வேலையும் தெரியாது. பகலில் கணினி முன்னால் உட்காரும் ஆள். வீட்டு கராஜில் நாலுக்கு எட்டு அடியில் ஒரு ஃபோம் கேம்பர், அதாவது உள்ளே படுத்துத் தூங்கும் சின்ன இழுவண்டி, கட்டி, மேலே கண்ணாடி இழைத் துணியும் (சுருக்கமாகக் கிளாஸ்) எபாக்சியும் (கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின், அதாவது ரெசின்) போட்டு, சில வருடமாகக் காருக்குப் பின்னால் இழுத்துத் திரிகிறேன். இதைப் போல ஒன்று கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபைபர்கிளாஸ் போட்ட பரப்பு, முகப்பில் கல் தெறித்த சின்ன விரிசல்களைத் தவிர, இன்றுவரை ஒரு வம்பும் பண்ணவில்லை. மற்ற வம்பெல்லாம் அதில் வெட்டிய ஓட்டைகளிலும், அது திரும்பும் ஓரங்களிலும்தான்.

இங்கே அடித்தளச் சுவருக்குக் குளிர் தாங்க வைக்கும் எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகை எந்தக் கட்டுமானக் கடையிலும் கிடைக்கும். ஓவன்ஸ் கார்னிங் என்றால் ரோஸ் நிறம், டூபாண்ட் என்றால் முன்பு நீலம், இப்போது சாம்பல். நாலுக்கு எட்டடி, இரண்டு அங்குலக் கனம். ஒரு பலகை நாலு கிலோவுக்குப் பக்கம்தான் இருக்கும், ஒரு கையில் தூக்கிவிடலாம். வெப்பத் தடை ஆர் மதிப்பு 10. இதையே சுவராகவும் கூரையாகவும் ஒட்டி, சின்ன டிரெய்லர் மேல் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் ‘ஃபோமி’. உள்ளே மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பிளைவுட், அதன்மேல் அலுமினியத் தகடு என்று போகும் வழக்கமான டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவ) கேம்பரோடு ஒப்பிட்டால் பாதி வேலை, பாதி எடை.

வெறும் ஃபோம் நகம் பட்டால் பள்ளமாகும். அதற்கு இருபுறமும் கெட்டியான தோல் வேண்டும். இரண்டு தோலும் இழுவையையும் அழுத்தத்தையும் வாங்கிக்கொள்ளும், நடுவில் இருக்கும் ஃபோம் அவற்றை விலகாமல் பிடித்துக்கொள்ளும். கால் மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள கிளாஸ் தோல் இரண்டு அங்குல ஃபோமின் இருபக்கமும் ஒட்டிக்கொண்டதும், அந்தப் பலகையை வளைக்க முயன்று பாருங்கள், நம்ப மாட்டீர்கள். புது வித்தையும் இல்லை இது. விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான் 1975-இல் பறக்கவிட்ட வேரிஈஸி விமானத்தின் இறக்கை இதே கதைதான்: சூடான கம்பியால் அறுத்த நீல ஃபோம், மேலே கிளாஸ், எபாக்சி. அச்சு வார்ப்பு எதுவும் இல்லாமல் கராஜில் ஆட்கள் விமானமே கட்டினார்கள். நமக்கு வேண்டியது உருளும் ஒரு படுக்கை அறை, அவ்வளவுதான்.

ரெசின் விஷயத்தில் மட்டும் விளையாட்டே கூடாது. ஊரில் ஃபைபர் படகு கட்டுமிடத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வருமே, அது பாலியஸ்டர் ரெசின். அதில் ஸ்டைரீன் இருக்கிறது. எக்ஸ்பிஎஸ் என்பது பாலிஸ்டைரீன். இரண்டையும் சேர்த்தால் ஃபோம் தண்ணீரில் போட்ட சர்க்கரை மாதிரி கரைந்து குழியாகிவிடும். விலை மூன்றில் ஒரு பங்கு என்று ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். எபாக்சிதான், வேறு பேச்சே இல்லை. அதேபோல, அந்தப் படகுகளில் போடும், நெய்யாமல் நார் நாராக இருக்கும் ‘மேட்’ விரிப்பும் இதற்கு ஆகாது. அந்த நாரைப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஊறாமல் முரண்டு பிடிக்கும். நெய்த துணியாக வாங்குங்கள். சதுர யார்டுக்கு 6 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் துணி இந்த வேலைக்குப் போதும். முகப்பிலும் மூலைகளிலும் இரட்டையாக.

துணி விரிக்கும் நாள் மிகச் சின்ன நாள். அதற்கு முன்னால்தான் மாதக்கணக்கில் போகும். கிளாஸ் துணி கூர்மையான விளிம்பில் படியாது, தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் காற்று தங்கும். எல்லா விளிம்பையும் உப்புத்தாள் போட்டுக் கட்டைவிரல் அகலத்துக்கு உருட்டியே ஆக வேண்டும். உள் மூலைகளில் எபாக்சியோடு மரத்தூள் குழைத்துப் பூசி வளைவாக்க வேண்டும். ஃபோம் பலகையின் வழவழப்பான மேல்தோல் எபாக்சியை உதறும், அதையும் சுரண்டி மட்டாக்க வேண்டும். பலகைகள் சேரும் இடுக்குகளை விட்டுவிட்டால் பின்னால் அந்தக் கோடு பெயின்டுக்கு மேலேயும் தெரியும். துணி வைப்பதற்கு முன்னால், நுண்ணிய கண்ணாடிக் குமிழ்ப் பொடியை எபாக்சியில் தளர்வாகக் கலந்து ஃபோம் முழுக்க வழித்துப் பூசுவது ரூட்டான் ஆட்களின் பழக்கம். அப்படிப் பூசினால் ஃபோமின் சின்னக் குழிகள் அடைபடும், மேலே வரும் ரெசினை அது குடிக்காது. எடையும் ஏறாது, பிடிப்பும் கூடும். இந்த ஒரு படியைத் தவிர்த்துக் கட்டியவர்களின் வண்டியில் தோல் பிரிவதை முகாம்களில் பார்த்திருக்கிறேன்.

ரெசின் ஊற்றும்போது கவனம் எல்லாம் நிறத்தில் இருக்கட்டும். காய்ந்த துணி வெள்ளை. ரெசினை நடுவில் ஊற்றி, பட்டி பிளேடால் வெளிப்பக்கமாகத் தள்ளத் தள்ள, அந்த வெள்ளை மறைந்து அடியிலிருக்கும் ரோஸ் நிறம் மேலே வரும். எங்கே வெள்ளைப் புள்ளி மிச்சமோ அங்கே ரெசின் சேரவில்லை. எங்கே பளபளவென்று மின்னுகிறதோ அங்கே ரெசின் அதிகம், துணி மிதக்கிறது, வழித்து எடுங்கள். துணியின் நெசவு மேலே தெரிகிற மாதிரி, பளபளப்பு இல்லாமல், முழுக்க ரோஸாக இருப்பதுதான் சரியான நிலை. துணி எடைக்குச் சம எடை ரெசின் என்பது கைவேலையில் நல்ல கணக்கு. என் அளவு வண்டிக்கு வெளிப்பக்கம் மட்டும் 12 சதுர மீட்டர் வருகிறது. துணி இரண்டரை கிலோவுக்குள், ரெசின் அதே அளவு, நெசவை நிரப்பும் பூச்சுகளும் பட்டியும் சேர்த்துப் பத்து கிலோவுக்குப் பக்கம்.

ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் ஹார்டனரில் மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். வெஸ்ட் சிஸ்டம் பிராண்டின் 205 வேகமானது, 22 டிகிரியில் கோப்பையில் பத்து நிமிடம் தாங்கினால் பெரிது. 206 அதைப்போல இரண்டு மடங்கு நேரம் கொடுக்கும். கோப்பையில் மொத்தமாக வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். கலக்கியதும் அகலத் தட்டில் ஊற்றிவிட்டால் நேரம் கிடைக்கும். பகல் சூடு இறங்கும் மாலையில் ஆரம்பிப்பது இன்னும் நல்லது. வெயில் ஏறும் காலையில் பூசினால் இடுக்கில் மாட்டிய காற்று விரிந்து குமிழ் விடும். கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க விடாது, ஓரிரு சொட்டுக்கே தோல் சிவந்து தடிக்கும். கையில் பட்டால் அசிட்டோன் வைத்துத் துடைக்கவே கூடாது, அது ரெசினைத் தோலுக்குள் இழுத்துவிடும். சோப்பும் தண்ணீரும் போதும்.

இறுகிய பிறகு மேலே மெழுகு மாதிரி ஒரு வழுக்கல் படியும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அது தாளையும் அடைக்கும், உள்ளேயும் போய்ப் பெயின்டை ஒட்டவிடாது. அப்புறம் வருவது தேய்ப்பு. தேய்த்துக்கொண்டே இருக்கும் தேய்ப்பு. முகமூடி போட்டாலும் கழுத்து, மணிக்கட்டு எல்லாம் அரிக்கும். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதுதான் வழக்கம். கார் மாதிரி பளபளப்பு வேண்டும் என்று இறங்கினால் இந்த ஜென்மத்தில் முடியாது. நான் நெசவு மறையும்வரை இரண்டு பூச்சு, கை தடவினால் தெரியும் மேடுபள்ளத்துக்குப் பட்டி, அதோடு நிறுத்தி, மங்கலான வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். பத்தடி தள்ளி நின்றால் அழகு. பக்கத்தில் வந்து பார்ப்பவருக்கு டீ கொடுத்துப் பேச்சை மாற்றலாம்.

வெள்ளை என்பது ரசனை மட்டும் இல்லை. அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். எக்ஸ்பிஎஸ் 74 டிகிரிக்கு மேல் தாங்காது. கோடை வெயிலில் நிற்கும் கறுப்புக் கூரை அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். பெயின்டே அடிக்காமல் விட்டாலும் கெடுதல், சூரிய ஒளியில் எபாக்சி மஞ்சளாகிச் சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

இனி வருடங்கள் கழிந்த நிலைமை. கூரையில் ஒரு பருவம் முழுக்கப் பனி கிடந்திருக்கிறது. வீங்கவில்லை, விரியவில்லை, ஒழுகவில்லை. பக்கச் சுவர்களும் அப்படியே. முகப்பில் மட்டும் காரின் பின்சக்கரம் தெறிக்கும் கல்லால் சின்னச் சின்ன நட்சத்திர விரிசல்கள். ஃபோம் மூடிய அறைகளால் ஆனது என்பதால் தண்ணீர் உள்ளே பரவுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை தேய்த்து, உள்ளங்கை அளவு துணி ஒட்டி, பெயின்ட் தொட்டுவிடுவேன். முகப்பில் இரண்டு அடுக்கு போட்டதற்கே இப்படி, மூன்று போடுங்கள்.

தோல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாணயம் போதும். பரப்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் ‘டிக் டிக்’ என்று வரும். ஓரிடத்தில் திடீரென்று ‘டொப்’ என்றால் அங்கே காற்று. எனக்கு அப்படி வந்தது கதவு வாசற்படியில். ஏறி இறங்கும்போது கால் விழும் இடம். ஃபோம் நசுங்கி, தோல் மேலே தனியாக நிற்கிறது. இரண்டு சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் ஊசியால் எபாக்சி ஏற்றி, மற்றதில் வழியும்வரை செலுத்தி, மேலே பலகையும் பளுவும் வைத்துச் சரிசெய்யலாம். செய்தேன், அடுத்த கோடையில் பக்கத்திலேயே இன்னொரு ‘டொப்’. முடிவாக அந்த விளிம்பை அறுத்து, உள்ளே மரக்கட்டை பதித்து, மேலே கிளாஸ் போட்டபின்தான் அடங்கியது. கீல், தாழ்ப்பாள், விளக்கு, எதை முடுக்க வேண்டுமானாலும் அந்த இடத்தில் முதலிலேயே ஃபோமைக் குடைந்து மரம் பதித்துவிடுங்கள். ஃபோமில் திருகாணி நிற்காது.

கூரை விசிறி அடுத்த தலைவலி. இங்கே விற்பவை எல்லாம் 14 அங்குலச் சதுர ஓட்டைக்கு அளவெடுத்தவை. வெட்டிய விளிம்பில் ஃபோம் தெரியக் கூடாது, மரச்சட்டம் வைத்து, வெட்டுவாயையும் எபாக்சியால் மூடி, பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து இறுக்கினால் ஒழுகாது. சிலிகான் வேண்டாம், ஒருமுறை பட்ட இடத்தில் அப்புறம் பெயின்டும் ஒட்டாது, எபாக்சியும் ஒட்டாது. விசிறியைத் தவிர்க்க நினைக்காதீர்கள். சுவர் மூச்சு விடாது, இரண்டு பேர் தூங்கினால் விடியற்காலை கண்ணாடியில் இருந்து தண்ணீர் சொட்டும். குளிர்காலத்திலும் விசிறியைக் கொஞ்சம் திறந்துதான் வைக்கிறோம்.

தீ விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபோம் எரியும், எரிந்தால் கரும்புகை. வீடுகளில் இதை ஜிப்சம் பலகை போன்ற தீத்தடுப்பால் மூட வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. கேம்பருக்குள் அந்தப் பலகையின் எடையை யாரும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே அடுப்பு உள்ளே வரவே கூடாது. சமையல் பின்கதவைத் தூக்கிவிட்டு வெளியே நின்றுதான். கடுகு தாளிப்பதும் வெளியேதான், மழையானாலும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று உள்ளே கட்டாயம்.

எடை குறைவு என்பதன் மறுபக்கமும் உண்டு. சாமான், மெத்தை எல்லாம் ஏற்றி, நெடுஞ்சாலை லாரி எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன்: 400 கிலோவுக்குள். சின்னக் கார் இழுக்கிறது, பெட்ரோல் அதிகம் குடிப்பதில்லை. ஆனால் மிஷிகனின் வடபகுதி ஏரிக்கரையில் இருக்கும் பிக்சர்ட் ராக்ஸ் பக்கம் போக மேக்கினா பாலத்தைத் தாண்ட வேண்டும். எட்டு கிலோமீட்டர் நீளம், உள் வழித்தடம் கீழே தண்ணீர் தெரியும் இரும்புக் கம்பி வலை, பக்கவாட்டில் ஏரிக் காற்று. வண்டி தள்ளாடும். தண்ணீர்க் கேனையும் பேட்டரியையும் அச்சுக்கு முன்னால் நகர்த்தி, கொக்கியில் விழும் பளு மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் வருமாறு வைத்தபின்தான் நேராக ஓடுகிறது.

எபாக்சிக்குப் பதில் கேன்வாஸ் துணியை டைட்பாண்ட் மரப்பசையில் ஒட்டிப் பெயின்ட் அடிப்பது இன்னொரு முறை. செலவு நாலில் ஒரு பங்கு, வாடை இல்லை, அரிப்பு இல்லை, பிள்ளைகள்கூட உதவிக்கு வரலாம். உட்பக்கத்துக்கு நான் போட்டது அதைத்தான், இதுவரை நன்றாகவே இருக்கிறது. வண்டியைக் கூரைக்குள் நிறுத்த இடம் இருப்பவர்கள் வெளிப்பக்கமும் கேன்வாஸே போடலாம். வருடம் முழுக்க வெயிலிலும் பனியிலும் நிற்கப் போகிறது என்றால் கூரை, முகப்பு, தரையின் அடிப்பக்கம் மூன்றுக்காவது கிளாஸ் போடுங்கள்.

எபாக்சி மிச்சமானால் தூக்கிப் போட வேண்டாம், ரிப்பேருக்கு வருடக்கணக்கில் உதவும். ஹார்டனர் கறுத்துச் சிவந்தாலும் வேலை செய்யும். குளிரில் ரெசின் தேன்கட்டி போல உறைந்திருந்தால் டப்பாவை வெந்நீரில் வைத்துக் கலக்கினால் மறுபடி தெளிந்துவிடும்.