வால்வு ஆம்ப்பில் ஹெட்போன் ஜாக் வைக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் ஒரு வளவுக்குள் இருக்கிறது. ஐந்து வீடு, ஒரே முற்றம். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். அந்தப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்து கிட்டாரை எடுக்கவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். என் கிட்டார் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) 5 வாட்தானே என்று நினைக்க வேண்டாம். வால்வு ஆம்ப்பில், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்கள் இருக்கும் ஆம்ப்பில், 5 வாட் என்றால் வளவு முழுக்கக் கேட்கும். குறைத்து வைத்தால் எதற்காக வால்வு ஆம்ப் வைத்திருக்கிறோமோ அந்தக் கரகரப்பு வராது. அதனால்தான் ஹெட்போனில் வாசிக்க வழி தேடினேன்.

ஆம்ப், அத்தான் வெளிநாடு போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் ஒரே ஒரு 6வி6 வால்வு, 8 ஓம்ஸ் ஸ்பீக்கர். ஹெட்போன் ஓட்டை கிடையாது. கோயில் கொடைக்கு மைக்செட் போடுகிறவர்கள் ஆம்ப் ரிப்பேருக்குக் கொடுக்கும் கடை ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைப் பெயர் எழுதப் போவதில்லை. நான் சொல்ல வருவது அந்த வேலையைப் பற்றி.

“அண்ணாச்சி, இது வால்வு ஆம்ப். ஹெட்போன் ஜாக் வைக்க முடியுமா?” என்று கேட்டேன்.

“இதெல்லாம் ஒரு வேலையா தம்பி? நூறு செஞ்சிருக்கேன். சாயந்தரம் வந்து எடுத்துக்கோ” என்றார்.

1,500 ரூபாய் வாங்கினார். ஹெட்போனைச் சொருகினால் ஸ்பீக்கர் தானாகக் கட்டாகிற ஜாக். ஹெட்போன் தாங்குவதற்காக இரண்டு காதுக்கும் ஆளுக்கு ஒரு 470 ஓம்ஸ் ரெசிஸ்டர். பார்க்கச் சுத்தமான வேலை, பற்றவைத்த இடங்கள் பளபளவென்று இருந்தன. நானும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முதல் இரண்டு நாள் ஓடியது. சத்தம் மட்டும் டப்பாவுக்குள் தேனீயை அடைத்த மாதிரி இருந்தது. அதற்குக் காரணம் அப்புறம்தான் தெரிந்தது. கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை வெளியே விடாது. ஹெட்போன் எல்லாவற்றையும் விட்டுவிடும், கரகரப்பின் கூர்முனை மொத்தமும் காதுக்குள் வரும். நான் ஹெட்போன்தான் சரியில்லை என்று நினைத்து வால்யூமைக் கூட்டினேன்.

மூன்றாம் நாள் இரவு ஆம்ப்புக்குள் டிக், டிக் என்று ஒரு சத்தம். என்ன என்று குனிவதற்குள் இரண்டு காதிலும் “படார்” என்று ஓர் அறை. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். ஆம்ப்பிலிருந்து வார்னிஷ் கருகுகிற வாடை வந்தது. 6வி6-க்குள் கம்பிச்சுருள் ஒன்று அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து நின்றது. சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன், கை நடுங்கியது. வலது காதில் இரண்டு நாள் ரீங்காரம் நிற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவோடு வாசிக்கும்போது வலப்பக்கம் நின்றவர்கள் பாடியது சரியாகக் கேட்கவே இல்லை. காது போய்விட்டதோ என்ற பயம் இருக்கிறதே, அது பணம் போன வருத்தத்தைவிடப் பெரிது.

மறுபடி கடைக்குப் போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. “வால்வு போச்சு தம்பி, பழசுல்லா” என்றார். புது 6வி6 ஒன்று 2,600 ரூபாய். என் கண் முன்னால் மாட்டி ஆன் செய்தார். சத்தம் இல்லை. ஒரு நிமிடத்தில் அந்தப் புது வால்வுக்குள்ளும் அதே கம்பி சிவந்தது. “அண்ணாச்சி, அணைங்க, அணைங்க” என்று நான்தான் கத்தினேன். அதன் பிறகு, “டிரான்ஸ்பார்மர் வீக்கா இருந்திருக்கு, உங்க ஆம்ப் பழசு, நான் என்ன செய்ய?” என்றார். வால்வு காசையும் திருப்பித் தரவில்லை. மல்டிமீட்டர் மேசை மேலேயே கிடந்தது. அதை வைத்து டிரான்ஸ்பார்மரை ஒரு தடவை சோதித்துப் பார்த்திருந்தால் அந்த 2,600 மிச்சமாகியிருக்கும். எனக்கு ஆறாத இடம் இதுதான். தெரியாமல் செய்த வேலையை மன்னித்துவிடலாம். சோதிக்காமல் ஒரு பொருளைத் தலையில் கட்டியதை எப்படி மன்னிக்க?

அப்புறம் டவுனில் வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கிற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். மூடியைக் கழற்றியதும் முதலில் அந்த ஜாக்கைத்தான் பார்த்தார். “ஐயா, லோடு எங்கே?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஆம்ப் தரும் சக்தியை வாங்கிச் செலவழிக்க எதிரே நிற்பதுதான் லோடு, வழக்கமாக அது ஸ்பீக்கர்.

அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன். 6வி6 மாதிரி ஒற்றை வால்வு தனக்கு எதிரே சுமார் 5,000 ஓம்ஸ் இருப்பதாக நினைத்து வேலை செய்யும். ஸ்பீக்கரோ 8 ஓம்ஸ். நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான் 25-க்கு 1 என்ற சுற்றுக் கணக்கில் 8-ஐ 5,000-ஆகக் காட்டுகிறது. 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625, அதை 8-ஆல் பெருக்கினால் 5,000. இப்போது என் கடைக்காரர் செய்ததைப் பாருங்கள். ஸ்பீக்கரைக் கட்டாக்கிவிட்டு, 32 ஓம்ஸ் ஹெட்போனோடு 470 ஓம்ஸைச் சேர்த்தார். இரண்டு காதும் சேர்ந்து சுமார் 250 ஓம்ஸ். வால்வின் கண்ணுக்கு அது ஒன்றரை லட்சம் ஓம்ஸ். லோடே இல்லாத மாதிரிதான். வால்வு மின்னோட்டத்தைச் சட்டென்று கூட்டிக் குறைக்கும்போது, போக இடமில்லாத சக்தி, டிரான்ஸ்பார்மரில் வால்வுப் பக்கம் இருக்கும் கம்பிச்சுற்றான முதல் சுற்றிலேயே பெரிய வோல்டேஜாக எகிறும். கம்பியின் மேல் இருக்கும் பூச்சு அதைத் தாங்காது. நான் கேட்ட டிக், டிக் உள்ளே பொறி தாவிய சத்தம்.

மீட்டரை வைத்துக் காட்டினார். சில நூறு ஓம்ஸ் காட்ட வேண்டிய முதல் சுற்று ஓப்பன். சுற்று அறுந்ததும் வால்வுக்குள் மின்னோட்டத்தை வாங்கும் பிளேட்டுக்கு வோல்டேஜ் போகாது. ஆனால் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் ஸ்கிரீன் என்ற கம்பிச்சுருளுக்கு வேறு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மொத்தச் சுமையும் அந்த மெல்லிய கம்பிச்சுருளில் விழும். நான் பார்த்த சிவப்பு அதுதான். இந்த நிலையில் பத்துப் புது வால்வு மாட்டினாலும் பத்தும் பாழாகும்.

“டிரான்சிஸ்டர் ஆம்ப்ல ஸ்பீக்கரைக் கழத்துனா ஒண்ணும் ஆகாது, ஷார்ட் ஆச்சுன்னாதான் போயிரும். வால்வுல அப்படியே தலைகீழ். நாங்க வால்வு மைக்செட் ஓட்டுன காலத்துல ஹார்ன் மாட்டாம ஆன் பண்ணவே விடமாட்டோம். இப்போ உள்ள பிள்ளைகளுக்கு அது தெரியாதுய்யா. நான் தெரிஞ்சதைச் சொல்லுதேன்” என்றார். பல பழைய ஃபெண்டர் ஆம்ப்களில் ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கினால் ஜாக் தானே ஷார்ட் ஆகிற மாதிரி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

டிரான்ஸ்பார்மரை இப்போது அவரே கட்டிக்கொண்டிருக்கிறார். மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே வழக்கப்படி டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகளை (ஸ்டாம்பிங்) மாற்றி மாற்றி அடுக்கிவிடுவார்கள். ஒற்றை வால்வு டிரான்ஸ்பார்மரில் டிசி, அதாவது ஒரே திசை மின்சாரம், ஓடிக்கொண்டே இருப்பதால் தகடுகளை ஒரே பக்கமாக அடுக்கி, நடுவில் மெல்லிய காகிதம் வைத்து இடைவெளி விட வேண்டுமாம். அந்தக் காகிதத்தை விரலில் வைத்துக் காட்டினார், சிகரெட் அட்டை கனம்கூட இல்லை.

சரி, ஹெட்போன் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஸ்பீக்கர் கட்டானதும் அதே 8 ஓம்ஸ் அந்த இடத்தில் நிற்க வேண்டும். 5 வாட் ஆம்ப்புக்கு 25 வாட்டுக்குக் குறையாத, அலுமினிய உறை போட்ட ஒயர் ரெசிஸ்டர் ஒன்றை சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் முடுக்கி வைத்து, அதிலிருந்து கொஞ்சூண்டு சத்தத்தை மட்டும் ஹெட்போனுக்கு எடுக்க வேண்டும். பெரும்பாலான ஹெட்போன்களுக்கு ஒரு மில்லிவாட்டே தாராளம். கூடவே ஸ்பீக்கர் மாதிரி மேல்சத்தத்தை வெட்டுகிற ஃபில்டர் இல்லாவிட்டால் தேனீ போகாது. இதையெல்லாம் ஒரே பெட்டியில் தருகிறவை உண்டு. டூ நோட்ஸ் கேப்டர் எக்ஸ், யுனிவர்சல் ஆடியோ ஆக்ஸ் இரண்டிலும் ஹெட்போன் ஓட்டை இருக்கிறது. விலை என் ஆம்ப்பைவிட அதிகம், அதனால் நான் வாங்கவில்லை. புதிதாக ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் பிளாக்ஸ்டார் எச்டி-5 மாதிரி கம்பெனியே ஹெட்போன் வழி வைத்ததைப் பாருங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: “ஹெட்போன் சொருகுனா ஸ்பீக்கர் இடத்துல எத்தனை ஓம்ஸ் நிக்கும்?” உங்கள் ஸ்பீக்கரின் அதே ஓம்ஸ் (எனக்கு எட்டு) என்று உடனே பதில் வரவில்லை என்றால் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆம்ப்பைத் திறக்காமல் தனிப் பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். ஆம்ப்பில் சொருகும் முன் அந்தப் பெட்டியின் பிளக்கில் மீட்டர் வைத்து அதே எண்ணைக் காட்டுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஆம்ப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் டிரான்ஸ்பார்மரின் சுற்றும் குறுக்கே நிற்பதால் மீட்டர் ஒரு ஓம்ஸுக்குக் கீழேதான் காட்டும், எதுவும் தெரியாது.

ஏற்கெனவே என்னை மாதிரி ஜாக் வைத்துவிட்டவர்கள் அதில் ஹெட்போனைச் சொருகி இன்று ராத்திரி ஆன் செய்யாதீர்கள். நீங்களே மூடியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வால்வு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து ஸ்பீக்கர் ஒயரைப் பழையபடி நேராகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். டவுன் பெரியவரிடம் கேட்டுவிட்டேன், நெல்லைக்காரர்கள் யார் கொண்டுவந்தாலும் பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். தேவைப்படுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், கடைக்கு வழி சொல்கிறேன்.