தெப்பக்குளத்தில் 61 மீட்டர் ஏறிய மச்சான்: எந்த வாட்ச் சொல்வதை நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை காலை மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை ஐந்து சுற்று ஓடி முடித்து, கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது மச்சான் கையை நீட்டிக் காட்டினான். மொத்த ஏற்றம் 61 மீட்டர். என் கையில் 3. ஒரே குளம், பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டேதான் ஓடினோம். "ஒன் வாட்ச் தூங்கிருச்சு மாப்ள" என்கிறான். சுற்றுக்கு ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் வரும் அந்தக் கரையில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது, வேகத்தடையைத் தவிர?

அவன் வாட்ச்சில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டர் கிடையாது, உயரத்தையும் ஜிபிஎஸ்ஸிடமே கேட்கிறது. ஜிபிஎஸ் இடம் சொல்வதில் கெட்டி, உயரம் சொல்வதில் சுமார்தான். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே மட்டும் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. கிழக்கு மேற்கில் வரும் பிழையை எதிர்ப்பக்கத்துக் கோளை வைத்து அடித்துவிடலாம், மேல் கீழ் பிழைக்கு அந்த வசதி இல்லை. அதனால் உயரத்தில் வரும் பிழை பக்கவாட்டுப் பிழையைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. தூக்கிப் போடுவது கூட்டல் கணக்குதான்: சும்மா இரண்டு மீட்டர் மேலே காட்டி, இரண்டு மீட்டர் கீழே காட்டி ஆடிக்கொண்டிருக்கும் ஒரு எண்ணில், மேலே போனதை மட்டும் பொறுக்கிக் கூட்டினால் சமதளத்திலேயே ஒரு குன்று முளைக்கும். (ஜிபிஎஸ் நேரடியாகத் தரும் உயரம் நம்ம பக்கத்தில் கடல் மட்டக் கணக்கிலிருந்து 90 மீட்டர் அளவுக்குக் குறைவாக வரும், இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பில் ஒரு பெரிய பள்ளமே இருக்கிறது. வாட்ச் தன்னிடமுள்ள அட்டவணையை வைத்து அதைச் சரிசெய்துவிடும். ஏற்றக் கணக்கை அது கெடுப்பதில்லை.)

சரி, என் வாட்ச் மட்டும் யோக்கியமா? அதன் ஓரத்தில் ஊசித்துளை போல இருப்பது காற்றழுத்தம் பார்க்கும் வழி. நம்ம ஊர் உயரத்தில் எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், ஒரு மீட்டருக்கும் குறைந்த வித்தியாசத்தைக்கூட இந்தச் சென்சார் பிடித்துவிடும். ஆனால் அழுத்தம் நாம் ஏறினால் மட்டும் மாறுவதில்லை. வெப்பமண்டலத்தில் கடலுக்கு அலை ஏறி இறங்குவதுபோல் காற்றுக்கும் தினம் இரண்டு முறை உண்டு: காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நாலு மணிவாக்கில் அடி, ராத்திரியும் அதே கதை. பத்துக்கும் நாலுக்கும் நடுவில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கும், அதாவது ஆபீஸ் நாற்காலியை விட்டு எழாமலே 25, 30 மீட்டர் மலை ஏறிவிட்டதாக வாட்ச் நினைத்துக்கொள்ளும். விடிகாலையில் ஓடுகிறவர்களுக்கு நேர்மாறு, அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாலும் ஏற்றத்தைவிட இறக்கம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். என் வாட்ச்சில் அன்று ஏற்றம் 3, இறக்கம் 8. நான் மச்சானிடம் இறக்கத்தைக் காட்டவில்லை.

மூன்றாவது கட்சி வரைபடம். நீங்கள் போன பாதையை ஆப் எடுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள உயரக் கணக்கில் பொருத்தி ஏற்றத்தைச் சொல்லும். பாரோமீட்டர் உள்ள வாட்ச் என்றால் ஓட்டத்தைப் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா ஆப் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தன் வரைபடத்துக்குப் போய்விடும். மச்சான் ஓட்டத்தை அதில் போட்டதும் 61 காணாமல் போய் 0 வந்து நின்றது. முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் வரைபடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்களில் பலருக்கும் தெரிந்தது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. 2023-ல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம், 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் எப்படி இருக்கும்? பாலத்தின் மேலே சைக்கிள் மிதித்தாலும் அந்த வரைபடத்துக்கு நீங்கள் கீழே ஊமச்சிகுளம் போகும் பழைய ரோட்டில்தான் போகிறீர்கள். யானைமலை அடிவாரத்தில் இதைவிட மோசம். ஒற்றைப் பாறை சுவர் மாதிரி நிற்கிற இடத்தில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி உங்கள் தடம் பத்திருபது மீட்டர் நகர்ந்தால் போதும், ஒத்தக்கடைப் பக்கம் ரோட்டில் நடந்தவரை வரைபடம் பாறை மேல் ஏற்றிவிடும்.

பஞ்சாயத்து தீராததால் எங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டுக்குப் போனோம். டேப் வைத்து அளந்தோம்: ஒரு படி 17 சென்டிமீட்டர், நாலு மாடிக்கு 72 படி, ஒரு முறை ஏறினால் 12.24 மீட்டர். பத்து முறை ஏறி இறங்கினால் 122. மூன்றாவது மாடி அக்கா கதவைத் திறந்து "லிஃப்ட் ஓடலையா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். பாரோமீட்டர் 118 சொன்னது. மச்சான் வாட்ச்சில் கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் இல்லை, 0. வரைபடம் இங்கே ஆட்டத்திலேயே இல்லை.

மற்ற அளவுகளில் இரண்டு வாட்ச்சுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பச்சை வெளிச்சத்தைத் தோலில் அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் இரண்டுமே நாடி சொல்கின்றன, பட்டை தொளதொள என்றிருந்தால் இரண்டுமே உளறும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலைப்படி ஏறினால் கை ஆடாததால் காலடி எண்ணிக்கையில் இரண்டுமே கோட்டை விடும்.

எதை வாங்குவது என்று கேட்டால், ரேஸ்கோர்ஸ் டிராக்கும் தெப்பக்குளமும் மட்டும் என்றால் பாரோமீட்டருக்குக் காசு போட வேண்டாம், ஏற்றம் என்ற வரியை மறைத்து வைத்துவிட்டு ஓடுங்கள். வாரம் ஒரு நாள் சமணர் மலை, சிறுமலை, அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை என்று போகிறவர் அது இல்லாமல் வாங்காதீர்கள். ஒரே கம்பெனியிலேயே பார்த்து வாங்க வேண்டும்: கார்மினில் ஃபோர்ரன்னர் 55-ல் இல்லை, 255-ல் இருக்கிறது. வாங்கிய பிறகு, ஓடி முடித்ததும் அந்தத் துளையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வியர்வை உப்பு அடைத்துக்கொண்டால் மலை உச்சியிலும் அடிவார உயரமே காட்டும், எனக்கு ஒரு மாதம் அப்படித்தான் காட்டியது, நான் வாட்ச் போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டேன்.

உயரத்தைத் திருத்திக்கொள்ள ஊரிலேயே இலவச இடம் இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரக் கோடியில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையின் அடியில் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். பிளாட்பார டிக்கெட் எடுத்துப்போய் வாட்ச்சில் அதைப் பதிந்துகொண்டு வந்தேன். மச்சானும் கூட வந்தான், பலகையைப் பார்த்தான், தன் வாட்ச்சைப் பார்த்தான், கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.