ஒட்டுப்போடுவதா, மறுபதிவு செய்வதா, பிரித்து வைப்பதா? டேலி – இ-இன்வாய்ஸ் இணைப்புப் பாடத்தைப் புதுப்பிக்கும் மூன்று வழிகள்

ஒரு நிறுவனத்தின் ஆர்டர் மென்பொருளைக் கணக்கு மென்பொருளான டேலியோடும், டேலியில் விழும் விற்பனைப் பில்லை, பில்களை மின்வழியில் பதியும் அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தோடும் இணைப்பது எப்படி என்பதைத் தமிழில் கற்றுத்தரும் இணையவழிப் பாடம் ஒன்றை நடத்திவருகிறேன். கணக்கர்களும், சிறு நிறுவனங்களுக்கு நிரல் எழுதித் தருபவர்களும் படிக்க வருகிறார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, இந்தப் பாடத்தை எந்த முறையில் புதுப்பிப்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போயிற்று. மூன்று வழிகள் இருந்தன. முதல் இரண்டையும் முன்பே செய்து பார்த்திருந்தேன். மூன்றாவதை இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாடத்தில் வரும் மாதிரி நிறுவனம் திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடைக் கம்பெனி. பழைய பாடத்தில், ஓர் ஆடையின் விலை 1,000 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 12 சதவீதம் என்று நிரலில் நிபந்தனை எழுதக் கற்றுக்கொடுத்திருந்தேன். இப்போது எல்லை 2,500 ரூபாய்; அதுவரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதாவது 1,500 ரூபாய்ச் சட்டைக்கு வரி குறைந்திருக்கிறது, 3,000 ரூபாய் ஜாக்கெட்டுக்கு வரி கூடியிருக்கிறது. பழைய பாடத்தை அப்படியே பின்பற்றும் ஒருவர், 1,500 ரூபாய்ச் சட்டை நூறுக்கு 7,500 ரூபாய் போட வேண்டிய இடத்தில் 18,000 ரூபாய் வரி போட்டு அனுப்புவார். எந்தப் பொருளுக்கு எந்த விகிதம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பில் போடுபவரின் பொறுப்பு. தளம் அதைத் திருத்திக் கொடுக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

முதல் வழி ஒட்டுப்போடுவது. மாறிய இடத்துக்கு மட்டும் இரண்டு, மூன்று நிமிடத்தில் ஒரு சிறு வீடியோவை எடுத்துப் பழைய பாடத்தின் பின்னால் சேர்ப்பது. வேகத்தில் இதை எதுவும் மிஞ்ச முடியாது: காலையில் அறிவிக்கை வந்தால் மாலையில் மாணவர் கையில் திருத்தம் இருக்கும். ஆனால் இ-இன்வாய்ஸின் வரலாற்றைப் பார்த்தால் இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியும். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமாகத் தொடங்கியது, 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் நான் ஒரு துண்டு வீடியோ சேர்த்தேன். கடைசியில், 'யாருக்கு இது கட்டாயம்' என்ற ஒரே கேள்விக்கு என் பாடத்தில் ஆறு பதில்கள் இருந்தன. வரிசையாகப் பார்ப்பவர் கடைசிப் பதிலை அடைந்துவிடுவார். கூகுளில் தேடி நேராக இரண்டாவது வீடியோவுக்குள் வந்து விழுபவர், தமக்கு இது பொருந்தாது என்று நினைத்து மூடிவிட்டுப் போவார். அப்படிப் போனவர்களில் சிலர் பிறகு எனக்கு எழுதினார்கள். அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது எளிதாக இல்லை.

பாடம் எந்த மேடையில் இருக்கிறது என்பதும் இங்கே முக்கியம். யூடியூபில் ஏற்றிய வீடியோவின் இடத்தில் வேறொன்றை மாற்றி வைக்க முடியாது. புதிய முகவரியில் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். இணையவழிப் பாடம் நடத்துவதற்கான மென்பொருளான மூடிலில் நடத்தினால் அதே பாடத் தலைப்புக்குள் கோப்பை மட்டும் மாற்றலாம். ஆகவே மூடிலில் நடத்துபவருக்கு ஒட்டுப்போடும் வழி, யூடியூபில் நடத்துபவருக்கு இருப்பதைக் காட்டிலும் நிச்சயமாகப் பாதுகாப்பானது.

ஒட்டினால் தீராத மாற்றங்களும் உண்டு. பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் தளத்தில் பதிய வேண்டும் என்ற கெடு 2023 நவம்பரில் 100 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும், 2025 ஏப்ரலில் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் வந்தது. பிழை காரணமாகத் தேங்கி நிற்கும் பில்களை மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய பாடத்தில் சொல்லியிருந்தேன். கெடு வந்த பிறகு, ஒன்றாம் தேதி தேங்கிய பில்லை மாதக் கடைசியில் திறந்தால் திருத்துவதற்கு நாளே மிஞ்சாது. தேங்கியவற்றைத் தினமும் எடுத்துக்காட்டும் ஏற்பாடு இணைப்பிலேயே இருக்க வேண்டும். அது நிரலின் வடிவமைப்பையே தொடும் மாற்றம் என்பதால் இரண்டு நிமிட வீடியோவுக்குள் அடங்காது.

இரண்டாவது வழி முழுப் பாடத்தையும் மறுபதிவு செய்வது. டேலி ஈஆர்பி 9 என்ற பழைய பதிப்பு போய் 2020 நவம்பரில் டேலி பிரைம் என்ற புதிய பதிப்பு வந்தபோது இதைத் தவிர வேறு வழியில்லை. லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) திறக்க நுழையும் 'அக்கவுன்ட்ஸ் இன்ஃபோ' என்ற மெனுவே காணாமல் போய், நேரடியாக 'கிரியேட்' வந்தது. வெளி மென்பொருள் டேலியோடு பேசும் வாயிலான போர்ட்டைத் திறக்க எஃப்12-க்குள் போய்க்கொண்டிருந்தவர்கள், எஃப்1-க்குள் செட்டிங்ஸ், அதற்குள் கனெக்டிவிட்டி என்று போக வேண்டியதாயிற்று. திரை இவ்வளவு மாறிய பின் பழைய வீடியோவைக் காட்டிக்கொண்டு 'இது இப்போது அங்கே இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருப்பது மாணவரை அலைக்கழிப்பதாகும்.

ஆனால் அந்த மறுபதிவில் ஒரு தவறு செய்தேன். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்ற வேகத்தில், மாறவே மாறாத பாடத்தையும் மீண்டும் எடுத்தேன். டேலி 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் என்ற வடிவில் எழுதிய தகவலை வாங்கிக்கொள்ளும். கம்பெனி திறந்திருக்க வேண்டும். வவுச்சரில் (ஒவ்வொரு வரவுசெலவுப் பதிவிலும்) வரும் லெட்ஜர் டேலியில் முன்பே இருக்க வேண்டும். ஈஆர்பி 9 காலத்திலும் பிரைம் காலத்திலும் இவை ஒன்றுதான். பழைய வீடியோவில், பெயரின் நடுவே '&' குறி உள்ள ஒரு வாடிக்கையாளரின் பில்லை அனுப்பும்போது அது டேலிக்குள் போகாமல் நின்றுவிடும். அந்தக் குறியை அப்படியே விடாமல் எக்ஸ்எம்எல் ஏற்கும் மாற்று வடிவில் எழுத வேண்டும் என்பதை, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வேன். '& கோ', '& சன்ஸ்' இல்லாத வாடிக்கையாளர் பட்டியல் நம் ஊரில் கிடையாது என்பதால், பல மாணவர்களுக்கு உண்மையில் உதவியது அந்தப் பகுதிதான். புதிய வீடியோவில் எல்லாம் முதல் முறையே சரியாக ஓடுகிறது. ஆகவே பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பழைய வீடியோவின் கீழே மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட தீர்வுகளும் அதோடு போயின.

மூன்றாவது வழி, எது எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்று பார்த்துப் பாடத்தைப் பிரித்து அடுக்குவது. இணைப்பின் அடிப்படைகளை ஒரு முறை நன்றாக எடுத்து அப்படியே விடலாம். திரையைக் காட்டும் பாடங்கள் மென்பொருள் பதிப்பு மாறும்போது மாறும். 2025 ஏப்ரல் முதல் அனைவருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமானபோது, தளத்தில் உள்நுழையும் பாடம் ஒன்றைத்தான் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. வரி விகிதம், விற்றுமுதல் எல்லை, கெடு நாள் போன்ற எண்களை வீடியோவில் வாயால் சொல்வதே இல்லை. அவை 'எந்தத் தேதி முதல்' என்ற பத்தியோடு ஓர் எழுத்து அட்டவணையில் இருக்கும்.

இந்த வழியை நான் தேர்ந்தெடுத்ததற்கு நேரம் மிச்சமாவதை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நிரலையும் இப்படித்தான் எழுத வேண்டும். செப்டம்பர் 10 அன்று 12 சதவீதத்தில் விற்ற சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) மூலப் பில்லின் பழைய விகிதத்தில்தான் போக வேண்டும். நிபந்தனைக்குள் 12-ஐ அழித்து 5 என்று எழுதியவரின் நிரல் அங்கே தவறிவிடும். தேதியோடு கூடிய விகித அட்டவணையிலிருந்து எண்ணை எடுக்கும் நிரல் தவறாது. பாடமே அட்டவணையைப் பார்த்து நடக்கும்போது, மாணவரும் தன் நிரலில் அதே பழக்கத்தைக் கொண்டுவருகிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எண் சொல்லாமல் பேசும் வீடியோ சற்று வறண்டுதான் இருக்கும். மாணவர் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். அட்டவணையைப் புதுப்பிக்க ஒருவர் பொறுப்பேற்கவில்லையென்றால், ஒட்டுப்போட்ட பாடத்தைக் காட்டிலும் இது மோசமாகும், ஏனென்றால் தேதி போட்ட அட்டவணையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பத்துப் பாடத்துக்குள் முடியும் சிறு பயிற்சியை மூடில் போன்ற மேடையில் தனியாளாக நடத்துபவருக்கு, கோப்பை மாற்றும் முதல் வழியே போதும். ஒரு குழுவுக்கு ஒரே முறை நடத்திக்கொடுத்துவிட்டுப் போகும் பயிற்சி நிறுவனம் மறுபதிவு செய்வது நியாயம். ஆண்டுக்கணக்கில் ஓடும் பாடத்துக்கு மட்டுமே பிரித்து வைக்கும் உழைப்பு தகும் என்பது என் கணிப்பு. பயிற்சிக் கோப்புகள் விஷயத்தில் மூன்றுக்கும் வேறுபாடில்லை. எந்த வழியில் போனாலும், மாணவர் தளத்தின் சோதனைப் பகுதிக்கு அனுப்பிப் பார்க்கும் மாதிரி ஜேசன் கோப்புகள் (பில் விவரத்தைத் தளம் ஏற்கும் வடிவில் எழுதிய கோப்புகள்) ஒவ்வொன்றையும் உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும்.

விகிதப் பாடத்தைத்தான் முதலில் பிரித்தேன். பழைய வீடியோவை நீக்கவில்லை, '21.9.2025 வரையிலான பில்களுக்கு' என்று தலைப்பை மாற்றி அதே இடத்தில் வைத்திருக்கிறேன். 2025–26 கணக்கை முடிக்க உட்காருபவர் ஒரே ஆண்டில் இரண்டு விகிதங்களையும் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்கு அது தேவைப்படும்.